எர்த் போல்ட்டில் ஒரு சிவப்புக் கோடு

போடுங்கறாரு, போடறேன், டிக். அவ்வளவுதான். ஒரே ஒரு டிக், அதுக்கப்புறம் சத்தமே இல்ல. திரும்பப் போடுங்கறாரு. டிக். பானெட் தூக்கி நிக்கறதால அவரு மூஞ்சி எனக்குத் தெரியாது, பானெட்டுக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு சாண் கூட இல்லாத சந்து, அதுல அவரோட மெரூன் ஸ்வெட்டர் கையும் நாலு விரலும் மட்டும் வந்து வந்து போகுது. விளக்கப் போடுன்னாரு, போட்டேன். எதிர்ச் சுவத்துல வெளிச்சம் விழுந்துது. அப்படியே வெச்சுக்கிட்டு சாவியத் திருப்புன்னாரு. டிக். வெளிச்சம் மங்குதான்னு பாக்கறாரு. மங்கல. ஹாரன அடின்னாரு, கணீர்னு அடிச்சுது, பக்கத்து வீட்டு அல்போன்ஸ் வீட்டுக் கோழி கூட அலறிக்கிட்டு ஓடுச்சு. பேட்டரி நல்லாருக்குன்னு அவரு அவருக்கே சொல்லிக்கறாரு. நல்லாத்தான் இருக்கும். எல்லாமே நல்லாத்தான் இருக்கு. இஞ்சின முதல்ல சுத்தி விடற மோட்டார் இருக்கே, எல்லாரும் செல்ப்புன்னு சொல்றது, அதத்தான் ரெண்டு நாளா வாசல்ல சாக்கு விரிச்சுப் பிரிச்சுப் போட்டு, உள்ள இருக்கற கார்பன் பிரஷ் மாத்தி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, நேத்து சாயங்காலம்தான் மாட்டுனாரு. மாட்டறதுக்கு முன்னால தரையில வெச்சுக் காலால மிதிச்சுக்கிட்டு பேட்டரில இருந்து நேரா கரண்ட் குடுத்துப் பாத்தாரு, அது உறுமிக்கிட்டுக் காலுக்கடியில திமிறுச்சு. பாத்தியா மரகதம், பாத்தியான்னாரு. நானும் சிரிச்சேன். நெசமாத்தான் சிரிச்சேன், அதச் சொல்லணும். இந்த வண்டில கோளாறுன்னு ஒண்ணு இருந்தா அது நான்தான். காலைல ஆறு மணிக்கு அவரு குளிக்கப் போன நேரமாப் பாத்து, பன்னண்டாம் நம்பர் ஸ்பேனர முந்தானைல சுத்திக்கிட்டு வந்து, எர்த் போல்ட்ட ரெண்டு சுத்து கழட்டி விட்டவ நான்தான்.

மணி ஒம்பதரை இருக்கும். எங்க பொண்ணு சுகந்தி ஏறுன பஸ் பன்னண்டு மணிக்கு மேட்டுப்பாளையம் வந்துரும். வயித்துல அஞ்சு மாசம். பத்தரைக்குக் கிளம்புனாத்தான் கோத்தகிரில இருந்து எறங்கிப் போய்ச் சேர முடியும்னு நேத்து ராத்திரி நாலு தடவ சொல்லிட்டாரு. டாக்ஸி சொல்லிக்கலாங்கன்னேன். எம் பொண்ணக் கூட்டியார எனக்கு எதுக்கு டாக்ஸின்னு தட்டத் தள்ளி வெச்சுட்டு எந்திரிச்சுட்டாரு. இப்ப பத்தரைக்குள்ள இவரு கோளாறக் கண்டுபுடிச்சுட்டாருன்னா வண்டிய ஓட்டிக்கிட்டுக் கீழ போவாரு. கண்டுபுடிக்கலன்னா போகமாட்டாரு. அவ்வளவுதான் விஷயம். நியூட்ரல்ல இருக்கான்னு கேக்கறாரு. இருக்குங்கன்னு சொல்லிட்டு கியர அசைச்சுப் பாத்தேன், ரெண்டு பக்கமும் லொட லொடன்னு ஆடுது, நியூட்ரல்தான். மலைல யாரும் வண்டிய நியூட்ரல்ல நிறுத்த மாட்டோம், கியர்ல போட்டு, டயருக்குக் கல்லு வெச்சுட்டுத்தான் எறங்குவோம், அது கை தானாப் பண்ற வேலை. காலைல வந்து உக்காந்ததும் கியர எடுத்தனா? எடுத்தேன். இப்பத்தான அசைச்சுப் பாத்தேன். இவருக்கு முன்னால வண்டி மூக்கு, பின்னால சுவரு, நடுவுல ரெண்டு அடி எடம். கியர்ல கெடந்து, செல்ப் எடுத்துச்சுன்னா வண்டி ஒரே தாவு. நியூட்ரல்தான். கிளட்ச்சயும் மிதிச்சுத்தான் வெச்சிருக்கேன், முழங்கால் கடுக்குது. எதுக்கும் இன்னொருக்கா அசைச்சுப் பாத்துக்கறேன்.

எனக்கென்ன ஆசையா இதப் பண்ணணும்னு. இவரு முப்பத்தொரு வருசம் பஸ் டிப்போவுல எலக்ட்ரீசியன். பொன்னுரங்கம் தொட்டா பஸ் பேசும்னு டிரைவருங்க சொல்லுவாங்க. நான் கல்யாணமாயி வந்த புதுசுல இவரு சட்டையத் தொவைக்கறதே ஒரு வேலை, கிரீஸ் போகவே போகாது, எத்தன சோப்பு. அப்பேர்ப்பட்ட மனுசன், தை மாசக் கடைசில, இதே வண்டில, ரெண்டு பேருமா கீழ அரிசி வாங்கப் போனம். வெயில் நல்லா அடிச்சுது. ஒரு கொண்டை ஊசி வளைவு தாண்டி நீளமா ஒரு எறக்கம் வரும், இடது பக்கம் பூரா பள்ளம், கீழ பாக்கு மரமெல்லாம் தீக்குச்சியாத் தெரியும். நான் வெங்காயம் என்ன வெலையோன்னு பேசிக்கிட்டு வந்தேன். இவரு பாட்டுக்கு, வந்தாச்சு, எறங்குன்னு சொல்லிட்டு, சாவியத் திருப்பி வண்டிய ஆஃப் பண்ணிட்டாரு. ஓடிக்கிட்டிருக்கற வண்டி. எறக்கத்துல. இஞ்சின் சத்தம் நின்னு போச்சு, டயர் சத்தம் மட்டும் வருது, எதிர்ல வர்ற பஸ் லைட்டப் போட்டுப் போட்டு அணைக்கறான். இவரு கதவுப் பிடில கைய வெச்சுட்டாரு. எறங்கப் போறாரு. அந்த நேரத்துல எனக்குக் கத்தத் தோணல. எப்படி வந்துச்சோ தெரியல, சோறு போடட்டுமான்னு கேக்கற கொரல்ல, ஏனுங்க, சாவியப் போடுங்கன்னேன். போட்டாரு. செல்ப் ஒரே இழுப்புல எடுத்துச்சு. இஞ்சின் ஓடுனாத்தான பிரேக்கு ஒழுங்காப் புடிக்கும், அதுக்கும் உயிர் வந்து, அடுத்த வளைவுக்கு முன்னால வண்டி நின்னுச்சு. என்ன இப்படி வேர்க்குது உனக்குன்னு என்னையக் கேட்டாரு. அன்னிக்கு எங்க ரெண்டு உசிரயும் காப்பாத்துனது இந்த செல்ப்புதான். அதையேதான் இப்பக் கெடுத்து வெச்சிருக்கேன்.

திரும்பப் போடச் சொல்றாரு. டிக். ஒரு நிமிசம் இருன்னாரு. மரச் சுத்தியால செல்ப்ப லேசாத் தட்டறாரு, டொக்கு டொக்குன்னு எனக்குப் பாதத்துல தெரியுது. சில செல்ப்பு தட்டுனா எடுத்துரும். போடு. டிக். தட்டறத நிறுத்திட்டாரு. மூச்சு வாங்கறாரு. அறுவத்தேழு வயசு, குளிர்ல குனிஞ்சு நின்னா முதுகு என்னத்துக்காகும். உள்ள வந்து ஒரு டம்ளர் டீ குடிச்சுட்டுப் பாருங்களேன்னேன். வேண்டாங்கறாரு. இந்தக் கொரல் எனக்குத் தெரியும், டிப்போவுல எவனாலயும் முடியாத பஸ்ஸ இவருகிட்டத் தள்ளிக்கிட்டு வருவாங்களே, அன்னிக்கு வீட்டுக்கு லேட்டா வந்து இதே கொரல்லதான் பேசுவாரு. அன்னிக்கெல்லாம் இவரு ஜெயிக்கணும்னு நான் வேண்டிக்குவேன். இன்னிக்குத் தோக்கணும்னு வேண்டிக்கறேன். சாமிக்குக் குழப்பமா இருக்காது?

யாருகிட்டச் சொல்லாம விட்டேன். டாக்டர்கிட்டக் கூட்டிப் போனேன், பிரஷருக்குன்னு பொய் சொல்லி. அவரு கெழம கேட்டாரு, இவரு கெழம சொல்லி, தேதி சொல்லி, அன்னிக்கு என்ன திதின்னும் சேத்துச் சொன்னாரு. நூறுல இருந்து ஏழு ஏழாக் கழிங்கன்னாரு, கடகடன்னு கழிச்சுட்டு, நீங்க கழிங்க பாப்பம்னு டாக்டரையே கேட்டாரு. டாக்டரு சிரிச்சுட்டு, வயசானா அப்பப்ப மறக்கறதுதாம்மா, நீங்க பயப்படாதீங்கன்னு எனக்கு மாத்திரை எழுதிக் குடுத்தாரு. எனக்கு! சுகந்திகிட்டப் போன்ல சொன்னேன். அப்பா நல்லாத்தாம்மா பேசறாரு, நீதான் எதையாவது நெனச்சுக்கற, அவர வீட்டுலயே கட்டிப் போடப் பாக்கறியான்னா. சாவிய ஒளிச்சு வெச்சேன். அரிசிப் பானைக்குள்ள. ஒரு நாள் பூரா வீட்டப் பொரட்டிப் போட்டுத் தேடுனாரு, பீரோவுக்கு அடியில படுத்துத் தேடுனாரு, கடைசில கட்டல்ல உக்காந்து ரெண்டு கையயும் விரிச்சு அதையே பாத்துக்கிட்டிருந்தாரு. எனக்குத் தாங்கல. நானே கண்டெடுத்த மாதிரி எடுத்துக் குடுத்தேன். மறுநாளே போயி இன்னொரு சாவி அடிச்சு பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு. அதுக்கப்புறம்தான் எர்த்து.

அது என்னன்னு எனக்குத் தெரியும், இவரு கூட இத்தன வருசம் டார்ச் புடிச்சவளுக்கு அது கூடத் தெரியாதா. பேட்டரில இருந்து போற கரண்ட்டு எல்லாம் வண்டி பாடி வழியாத்தான் திரும்பி வரணும். இஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு தடிச்ச பின்னல் வயர், ஒரு போல்ட்டு. அது லூசாயிருந்தா விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், எல்லாம் ஒழுங்கா இருக்கும், செல்ப்பு மட்டும் டிக்குன்னு சொல்லிட்டுப் படுத்துக்கும். இவருக்குத் தெரியாதா இது? இவருதான் எனக்குச் சொன்னதே. வேற ஆளா இருந்தா முதல் நாளே அந்த போல்ட்டத் தொட்டுப் பாத்திருப்பான். இவரு பாக்கமாட்டாரு. ஏன்னா அதுல கோடு இருக்கு. டிப்போப் பழக்கம் அது. ஒரு நட்டையோ போல்ட்டையோ முழுசா டைட் பண்ணி முடிச்சதும், அது தலைமேலயும் பக்கத்துத் தகட்டுமேலயும் சேத்து ஒரே கோடா மஞ்சப் பெயிண்ட் இழுத்துருவாங்க. போல்ட்டு துளி நகுந்தாக்கூடக் கோடு ஒடைஞ்சு தெரியும். கோடு நேரா இருந்தா, தொட வேண்டியதே இல்ல, டைட்டா இருக்குன்னு அர்த்தம். அடுத்த ஷிப்ட்டு ஆளு கோட்டப் பாத்துட்டுப் போயிட்டே இருப்பான். வீட்டு வண்டிக்கு மஞ்சப் பெயிண்ட்டு இல்லாம, சுகந்தி காலேஜ் போறப்ப விட்டுட்டுப் போன செவப்பு நகப்பாலிஷ் பாட்டில டூல் பெட்டில வெச்சுக்கிட்டாரு. இந்த வண்டிய எங்க தொறந்தாலும் செவப்புச் செவப்பாக் கோடு. நான் என்ன பண்ணுவேன், போல்ட்டக் கழட்டிட்டு, பழைய கோட்டச் சொரண்டி எடுத்துட்டு, அதே பாட்டில்ல இருந்து புதுக் கோடு போட்டு வெச்சுருவேன். நேரா. அவரு கை இப்ப நடுங்கும், என் கோடு அவரு கோட்டவிட நேரா இருக்கும். அவரு டார்ச் அடிச்சுப் பாப்பாரு, எர்த்து ஓகேன்னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிருவாரு. அவரோட கோட்ட அவரே சந்தேகப்பட மாட்டாரு. அதுதான் எனக்குக் கெடைச்ச வழி.

அஞ்சு வாரமா இதே பொழப்பு. ரேஷன் கடைக்கு, கோயிலுக்குன்னா டைட் பண்ணி வெச்சுருவேன், வண்டி எடுத்துரும், மேல சமதரைல ஓட்டட்டும், பக்கத்துல நானும் உக்காந்துக்குவேன். கீழ போறேன்னு சொன்னா மட்டும் ராத்திரியெல்லாம் தூங்காம ஆறு மணி எப்ப ஆகும்னு கெடப்பேன். போன வாரம் அல்போன்ஸ்கிட்டச் சொல்லிக்கிட்டிருந்தாரு, இந்த வண்டி கீழ போற அன்னிக்கு மட்டும் படுத்துக்குதுப்பா, அதுக்கு மலை எறங்கப் பயம் போலன்னு. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நான் கொடில துணி போட்டுக்கிட்டிருந்தேன், கை அப்படியே நின்னு போச்சு. சிரிப்புக்கு நடுவுல இவரு என்னைய ஒரு பார்வ பாத்த மாதிரி இருந்துச்சு. பாத்தாரா? இல்ல நான்தான் அப்படி நெனச்சுக்கிட்டனா? அன்னில இருந்து அந்தப் பார்வையத்தான் மனசு திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்குது. பாத்திருந்தா கேட்டிருப்பாரு. கேக்கற ஆளுதான. கேக்கலியே. அப்ப பாக்கல. இன்னிக்கு பாட்டில் அடியில காஞ்சு போயிருந்துச்சு, ரெண்டு சொட்டு தின்னர் விட்டுக் கலக்கித்தான் போட்டேன், நெறம் கொஞ்சம் வெளுத்தாப்புல வந்துச்சு. வெளிச்சத்துல தெரியுமா? பனி இன்னும் விலகல. பனியா இருந்தாத் தெரியாது.

மெரூன் கை சந்துல காணாம போச்சு. காலடிச் சத்தம் ஷெட்டுப் பக்கம் போகுது. கதவு கிறீச்சுங்குது. எதையோ தேடறாரு, தகரம் உருளுது. என்னங்க வேணும்னு கேட்டேன். நீ உக்காருன்னாரு. தள்ளிக் கிளப்பலாம்னு ஆளக் கூப்பிடப் போறாரோ? அது ஆகாது, எங்க வாசல் பள்ளம், ரோட்டுக்குப் போக ஏத்தம், நாலு ஆளு தம் கட்டித் தள்ளணும், அவருக்கே அது தெரியும். காலடி திரும்ப வருது. வண்டிமேல என்னத்தையோ தொப்புன்னு போட்டாரு. சந்து வழியாப் பாத்தேன். கறுப்பும் செவப்புமா தடிச்ச வயரு. ஒரு பேட்டரில இருந்து இன்னொண்ணுக்குக் கரண்ட்டு குடுக்கறது. இவரு பேட்டரிக்குப் போடப் போறதில்ல. அந்தக் கறுப்ப ஒரு பக்கம் பேட்டரிலயும் இன்னொரு பக்கம் நேரா இஞ்சின் மேலயும் மாட்டப் போறாரு. எர்த்து போல்ட்டயே தாண்டி வேற வழில கரண்ட்டக் குடுக்கப் போறாரு. எல்லாத்தையும் பாத்து முடிச்சுட்டு, பாக்க வேண்டாம்னு விட்டு வெச்ச எடத்துக்கு வந்துட்டாரு. ஏங்க வந்தீங்க. கோடு நேராத்தான இருக்கு. முப்பத்தொரு வருசத்துல ஒரு தடவையாவது உங்க கோட்ட நீங்க சந்தேகப்பட்டிருக்கீங்களா, இன்னிக்கு எதுக்கு.

எனக்கு சண்முகவேலு ஞாபகம் வருது. இந்த நேரத்துல அந்த ஆளு எதுக்கு வந்தான்னு தெரியல, ஆனா வந்துட்டான். டிப்போவுல ஃபிட்டரு, நாப்பது வயசு, நல்ல மனுசன், ரெண்டு பொம்பளப் புள்ள. ஒரு நாள் வீட்டுக்குப் போற அவசரத்துல பின் சக்கரத்து நட்டுகள டைட் பண்ணாமயே கோட்ட மட்டும் இழுத்து விட்டுட்டான். பஸ்ஸு ரெண்டாவது வளைவுல ஆட்டம் குடுக்க, டிரைவர் சுதாரிச்சு ஓரங்கட்டிட்டாரு, யாருக்கும் ஒண்ணும் ஆகல. அன்னிக்கு ராத்திரி இவரு சாப்புடல. கோடுங்கறது சத்தியம் மரகதம், டைட் பண்ணாமக் கோடு போட்டவன் மனுசனே இல்லன்னாரு. அதுல இருந்து பதினோரு வருசம் சண்முகவேலு கூட ஒரு வார்த்த பேசல. ஒரே கூரைக்கடியில வேலை, ஒரே டீக்கடை. இவரு ரிட்டயர் ஆன அன்னிக்கு அந்த மனுசன் லட்டு வாங்கிட்டு வந்து கண்ணுல தண்ணியோட நீட்டுனான். இவரு கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. நான்தான் வாங்கிக்கிட்டேன். அந்த லட்ட வீட்டுல யாரும் திங்கல, எறும்பு மொய்ச்சுப் போச்சு.

போடு, மரகதம். பேரச் சொல்லிச் சொன்னாரு. நான் போடல. நியூட்ரலான்னு பாக்கறேங்கன்னேன். பாத்தேன். லொட லொடன்னு ஆடுது. சாவியப் பாதில நிறுத்திரலாம், டிக்கு கூட வராது, ஆனா டிக்கு வரலன்னா அவருக்குத் தெரிஞ்சுரும், இந்த மனுசனுக்குக் காது மட்டும் எப்பவும் தப்பாது. இல்லன்னா எறங்கிப் போயி, நான்தாங்கன்னு சொல்லிரலாம். ஏன் பண்ணுனேன்னு கேப்பாரு. நீங்க எறக்கத்துல வண்டிய அணைச்சுட்டு எறங்கப் பாத்தீங்கன்னு சொல்லணும். நானா, எப்பன்னு கேப்பாரு. நம்ப மாட்டாரு. நம்பாம, போல்ட்ட டைட் பண்ணிட்டு, பத்தரைக்குக் கெளம்பிருவாரு, திரும்பி வர்றப்ப சுகந்தி பக்கத்துல உக்காந்திருப்பா, வயித்துல கைய வெச்சுக்கிட்டு. அந்த எறக்கத்துல அவளுக்குச் சாவியப் போடுங்கப்பான்னு சொல்லத் தெரியுமா? கத்துவா. கத்துனா இவரு கதவத் தொறந்துருவாரு. என் கை தானாத் திரும்புச்சு. வண்டி எடுத்துருச்சு. ஒரே இழுப்பு. அன்னிக்கு மாதிரியே. ஸ்டியரிங்கு என் கைக்குள்ள நடுங்குது, பானெட் ஆடுது, எனக்கு அறிவு கெட்டுப் போயி ஒரு நொடி சந்தோசமா இருந்துச்சு, இவரு ஜெயிச்சுட்டாருன்னு.

ஆஃப் பண்ணுன்னாரு. பண்ணுனேன். டார்ச் வெளிச்சம் சந்துல அசையுது. கண்ணாடிய எடுத்து மாட்டறது தெரியுது. ஸ்பேனரு எடுக்கற சத்தம் வரும்னு பாத்தேன், வரல. வெறும் விரல்லயே சுத்திப் பாக்கறாரு போல. அல்போன்ஸ் வீட்டு ரேடியோல யாரோ உரத்தப் பத்தி வெவசாயிகளுக்குச் சொல்லிக்கிட்டிருக்காங்க. நான் என்ன சொல்றதுன்னு கோத்துக் கோத்துப் பாக்கறேன். ஆமா நான்தான், என்ன பண்ணச் சொல்றீங்க. ஆமா, உங்களுக்குப் புத்தி தடுமாறுது. ரெண்டாவது வார்த்தைய எப்படிச் சொல்றது, அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு. திட்டட்டும். கைய ஓங்குனாலும் ஓங்கட்டும், இத்தன வருசத்துல ஓங்குனதில்ல. பானெட்ட மெதுவா எறக்கி, கொக்கி விழற வரைக்கும் ரெண்டு கையாலயும் அழுத்துனாரு. இப்ப முழு மூஞ்சியும் தெரியுது. கோவமே இல்ல. அதப் பாத்ததும்தான் எனக்கு நெசமான பயம் வந்துச்சு.

என் பக்கத்துக் கதவுகிட்ட வந்து நின்னாரு. கண்ணாடிய எறக்குனேன். போல்ட்டு லூசு, ஆனா கோடு ஒடையலன்னாரு. ரெண்டயும் தனித்தனியாச் சொன்னாரு. எனக்கு வாய் தொறந்துச்சு, நான்தாங்கன்னு சொல்லத்தான் தொறந்துச்சு. அதுக்குள்ள அவரு கேட்டுட்டாரு.

"பொங்கலுக்கு முன்னால எர்த்தச் சுத்தம் பண்ணி மாட்டுனேனே, அன்னிக்கு நீதான டார்ச் புடிச்ச?"

"ஆமாங்க."

"நான் டைட் பண்ணுனனா?"

டைட் பண்ணுனாரு. பம்பர் மேல ஒரு கால ஊனிக்கிட்டு, பல்லக் கடிச்சு, ம்முன்னு ஒரு இழுப்பு இழுத்தாரு. நம்ம காலத்துக்கும் அசையாது இதுன்னாரு. அப்புறம்தான் நகப்பாலிஷ எடுத்தாரு, கை நடுங்கிக் கோடு கோணலா விழுந்துச்சு, நான் கேலி பண்ணுனேன், நகத்துக்குப் போட்டிருந்தா சுகந்தி அழுதிருப்பான்னு. எல்லாம் கண்ணு முன்னால இருக்கு. இவரு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கறாரு, தப்பு யாருதுன்னு தேடற பார்வ இல்ல அது. தன்னப் பத்தித் தனக்கே தெரியாத ஒண்ண எங்கிட்ட விசாரிக்கறாரு. ஆமாங்கன்னு சொன்னா மிச்சம் ஒரே ஆளுதான், அது நான்தான்னு அவருக்கே வெளங்கிரும். வெளங்கிட்டா பத்தரைக்குக் கெளம்பிருவாரு. மணி பத்தே கால்.

"கோடு போட்டீங்க,"ன்னேன். "டைட் பண்ணுனத நான் பாக்கலீங்க."

தலைய ஆட்டுனாரு. ரெண்டு தடவ ஆட்டுனாரு. கதவுமேல கைய வெச்சு ஊனிக்கிட்டாரு, அந்தக் கைய நான் தொடணும்னு நெனச்சேன், தொடல. டைட் பண்ணாமயே கோடு போட்டிருக்கேன்னாரு. எங்கிட்டச் சொன்ன மாதிரி இல்ல. அப்புறம், சண்முகவேலு இப்ப எங்க இருக்கான்னு உனக்குத் தெரியுமான்னு கேட்டாரு. தெரியாதுங்கன்னேன், அது நெசம். ஸ்வெட்டருக்குள்ள கைய விட்டு சட்டைப் பாக்கெட்டுல இருந்து அந்த ரெண்டாவது சாவிய எடுத்தாரு. கதவு வழியா என் மடில வெச்சாரு. புள்ளைக்கு டாக்ஸி சொல்லிரு, இனி நான் ஓட்டப்படாதுன்னாரு. நான் அஞ்சு வாரமாக் கேட்டது அதுதான். அதேதான், என் மடில கெடக்குது, அவரு உடம்புச் சூடு இன்னும் இருக்கு அதுல.

குழாயடியில போயிக் கை கழுவுனாரு. ரொம்ப நேரம் கழுவுனாரு, கிரீஸு எப்பவோ போயிருச்சு, தண்ணி பாட்டுக்குக் கொட்டுது. நான் எறங்கி, கியரப் போட்டு, டயருக்குக் கல்ல நகத்தி வெச்சேன். கால் மரத்துப் போயிருந்துச்சு. இப்பக் கூடச் சொல்லலாம். சுகந்தி வந்து சேரட்டும், அப்புறமாச் சொல்லிக்கலாம். டாக்ஸில வந்து எறங்கட்டும், ரெண்டு நாள் போகட்டும், நான்தாங்க பண்ணுனேன், நீங்க டைட் பண்ணுனீங்க, நான் கண்ணால பாத்தேன், உங்க கோட்டுல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லிக்கலாம். சொன்னா சாவியத் திருப்பிக் கேப்பாரே. கேட்டா? அப்ப எப்பத்தான் சொல்றது. கீழ போக வேண்டியது எல்லாம் தீந்த பொறகா? போனுல டாக்ஸிக்காரர் நம்பரத் தேடறேன், எழுத்து எல்லாம் ஒண்ணா ஓடுது.

துண்டுல கையத் தொடச்சுக்கிட்டே படியேறுனவரு நின்னாரு. திரும்பி என்னையப் பாத்தாரு. மரகதம், காலைல நான் சாப்பிட்டனான்னாரு.

இந்த மாதிரி ஒரு கேள்விய இவரு இதுவரைக்கும் கேட்டதில்ல. அந்த எறக்கத்துல நடந்ததுக்கு அப்புறமும் கேட்டதில்ல. எட்டு மணிக்கு என் முன்னாலதான் உக்காந்து சாப்பிட்டாரு, மூணாவது இட்லி வெச்சதுக்கு என்னையத் திட்டிக்கிட்டே சாப்பிட்டாரு, சட்னில உப்பு தூக்கலா இருக்குன்னாரு. நெசமாவே மறந்துட்டாரா, இல்ல மறந்திருப்பமோன்னு இப்பத்தான் பயந்து கேக்கறாரா? தானா வந்ததா, நான் கொண்டு வந்ததா? எனக்குப் பிரிக்கத் தெரியல. இனி எதுலயும் பிரிக்கத் தெரியாது.

சாப்பிட்டீங்க, மூணு இட்லின்னேன். என் மூஞ்சியவே கொஞ்ச நேரம் பாத்தாரு. நீ சொன்னாச் சரின்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. இல்லீங்கன்னு சொல்லியிருந்தா அதையும் நம்பி, மறுபடியும் தட்டப் போட்டு உக்காந்திருப்பாரு.